பதினாறு கிலோ

காட்டுப் பாதையின் இரண்டாவது கல்லில் மகள் பாப்பாவை இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு நாலு எட்டு வைத்ததும் தராசுக்குத் தெரிந்துவிட்டது. பாப்பா கனத்திருந்தாள். பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு கிலோ. வேறு ஆளாக இருந்தால் மேட்டையோ வயதையோ பழி சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பான். தராசால் முடியவில்லை. முதல் கல்லிலேயே ஒரு கிலோ ஏறிய மாதிரி இருந்தது; தூறலில் அவள் மழைக்கோட்டு நனைந்திருக்கும் என்று விட்டுவிட்டான். இப்போது இன்னும் ஒன்று. ஈரம் இப்படிக் கிலோ கணக்கில் ஏறாது.

தராசு என்பது கிடங்கில் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடம் மூட்டை சுமந்த முதுகு அவனுடையது. ஒருமுறை, புதிதாக வாங்கிய மின்தராசு ஐம்பது என்று காட்டிய மூட்டையை வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். நாற்பத்தேழுதான் இருக்கிறது என்றான். மேலாளர் சிரித்தார். ஆள் வரவழைத்து மெஷினைப் பிரித்துப் பார்த்தபோது சரியாக மூன்று கிலோ பிசகியிருந்தது. அன்றிலிருந்து கண் சொன்னதைக்கூட அவன் இரண்டு தடவை யோசிப்பான். முதுகு சொன்னால் சொன்னதுதான்.

இந்தப் பெருமை அவன் மச்சானுக்கு மட்டும் ஆகாது. மனைவியின் தம்பி, பைக் மெக்கானிக், வாய் சும்மா இருக்காத ஆள். துணிக்கடைக் குலுக்கலில் அக்காவுக்கு நாலு பேர் தீவுக்குப் போய்வரும் பரிசு விழுந்ததும், நாலாவது ஆளாகத் தொற்றிக்கொண்டான். காலையில் படகில் அக்கா வாந்தி எடுக்க, பாப்பா அழ, இவன் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான்.

எந்தப் பாதையில் நடப்பது என்பதில்தான் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சண்டை வந்தது. விடுதி வரவேற்பறைச் சுவரில் ஒரு வரைபடம், அதில் மூன்று பாதைகள். அருவிக்குப் போகும் பாதையில் பாறை வழுக்கும். உச்சிக்குப் போகும் பாதை நாலு மணி நேரம். மூன்றாவது, காட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிச் சாலையில் வந்து இறங்குவது, ஒன்றரை மணி நேரம். ஒன்றும் வேண்டாம், கடற்கரையில் கால் நனைத்துவிட்டு வரலாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். குழந்தைக்குப் படகில் மாத்திரை கொடுத்திருக்கிறது, தூங்கி வழிகிறாள், அவளை எங்கே நடத்திக் கூட்டிப்போவது என்றாள்.

"அவ ஏன் நடக்கணும்?" என்றான் தராசு. "நூறு கிலோ தூக்குன முதுகு. இது பதினாறு."

மச்சான் விடவில்லை. "பதினாறுன்னு எப்படி மாமா சொல்றீங்க? காலையில ரெண்டு தோசை தின்னாளே."

விடுதிக்காரப் பெண் அதுவரை கணக்காகத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், பேசும்போது முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்ப்பவள். எழுந்து வந்து, படகுப் பைகளை நிறுக்கும் மேடையைக் காலால் இழுத்துப் போட்டாள். பாப்பாவை, முதுகில் மாட்டியிருந்த ரோஸ் நிறக் குட்டிப் பையோடு அதில் நிறுத்தினார்கள். முள் ஆடி நின்றது. பதினாறு. மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு நாள் உங்க முதுகு ஏமாறும் மாமா. பாத்துக்கிட்டே இருங்க."

"பதினாறு," என்றாள் அந்தப் பெண். "நல்ல எடை." வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை தொங்கியது. அதில் மூன்றாவது பாதைக்கு நேராகச் சுண்ணாம்புக்கட்டியால் 16 என்று எழுதினாள். மேலே பாதி அழிந்த எண்கள் இருந்தன. 14. 11. 17. மூட்டை முடிச்சின் எடையாக இருக்கும் என்று நினைத்தான். "புள்ளைய வச்சிருக்கறவங்களுக்கு அந்தப் பாதைதான்ணே தோது. வழி நெடுக இடுப்பு உசரத்துக்குக் கல்லு கிடக்கும். இறக்கி வைக்கத்தான் போட்டிருக்கு."

அது போதுமானதாக இருந்தது அவனுக்கு. இறக்கி வைக்கக் கல் இருக்கிற வழியைவிட நல்ல வழி சுமைக்காரனுக்கு எது? பாதையை அவன்தான் தேர்ந்தெடுத்தான். வாசலில் பூச்செடிகளைச் சுற்றி அடுக்கியிருந்த வெள்ளை உருண்டைக் கற்களைத் தாண்டி, பாப்பாவை உப்புமூட்டை தூக்கி, துண்டால் தன் மார்போடு சேர்த்துக் கட்டி, முதல் ஆளாக நடந்தான்.

காட்டுக்குள் மணி மூன்றுக்கே வெளிச்சம் பச்சையாகிவிட்டது. விழுந்து அழுகிய பழத்தின் இனிப்பு நாற்றமும், நனைந்த இரும்பு போன்ற இன்னொரு வாசனையும் கலந்து மூக்கில் ஒட்டின; இலைகளில் இருந்து சொட்டும் நீர், மழை விட்ட பிறகும் மழைபோலவே பெய்துகொண்டிருந்தது; எங்கோ ஒரு பூச்சி ரம்பம் அறுப்பதுபோல் அறுத்துக்கொண்டே வந்து, இவர்கள் கல்லை நெருங்கும்போது மட்டும் நிறுத்திக்கொண்டது. மூட்டைக்காரர்கள் இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. திரும்பிப் பார்ப்பதில்லை. கல்லுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாகவே போய், முழங்காலை மடக்கிச் சுமையை உட்காரவைப்பது. வேர்வையைத் துடைத்து, அதே மாதிரி திரும்பாமலேயே ஏற்றிக்கொள்வது. திரும்பினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். தராசு பிள்ளையையும் அப்படித்தான் இறக்கினான், அப்படித்தான் ஏற்றினான். ஒவ்வொரு கல்லிலும் மச்சான் ஓடி வந்து, நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் முகத்தைத் துடையுங்கள் என்று பாப்பாவைத் தாங்கிக்கொண்டான். நல்ல பிள்ளைதான் என்று தராசுக்கே தோன்றியது.

மூன்றாவது கல்லுக்குப் பிறகு பத்தொன்பது.

"பாப்பா," என்றான். தூங்குகிறாள். அவள் கன்னம் அவன் தோள்பட்டையில் சில்லென்று ஒட்டியிருந்தது. தூங்குகிற பிள்ளை கனக்கும் என்று பெண்கள் சொல்வார்கள். அது கைக்குத்தான் கனக்கும், முதுகுக்குக் கனக்காது.

நாலாவது கல் மற்றவற்றைவிட நீளம், இரண்டு பேர் உட்காரலாம். அதற்கு அப்பால் பாதை இறக்கம். மனைவிக்குக் கால் வழுக்கியது. மச்சான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னே இறங்கினான். இரண்டு வளைவில் அவர்கள் பேச்சுச் சத்தம் தேய்ந்து, பிறகு இல்லாமலே போனது. கீழிருந்து மூடுபனி மரங்களுக்கு இடையில் புகுந்து ஏறி வந்தது. தராசு துண்டை இறுக்கிக் கட்டினான். எழுந்தான்.

இருபது.

நாலு கிலோ. நாலு கல், நாலு கிலோ. மதியம் மேடையில் நின்றவள் பதினாறு. ஒரு வளைவு இறங்கியதும் அவன் நின்றான். பூச்சியும் நின்றது.

அப்போதுதான் கேட்டது. பின்னால், மேலே, அவன் விட்டுவந்த கல்லின் பக்கம்.

"அப்பா."

அவசரமில்லாத குரல். விளையாடிக் களைத்துப் படியில் உட்கார்ந்து கூப்பிடும் குரல். அவள் குரல்தான்.

"அப்பா, என்னைய விட்டுட்டுப் போறீங்களா?"

அவன் முதுகில் இருந்தது அசையவில்லை. அதன் இரண்டு கைகளும் அவன் மார்பில் தொங்கின, துணிப் பொம்மையின் கைகள்போல. அவற்றைப் பார்த்தான். மழைக்கோட்டின் மஞ்சள் கைகள், நுனியில் வெளிறிய விரல்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் விரல் இருக்கும். தலையைத் திருப்பினால் முகம் தெரியும். திருப்பவில்லை. திருப்பி, வேறு முகமாக இருந்தால் தாங்க மாட்டான். அவள் முகமாகவே இருந்தால்? முகத்தை நம்புவதா? மெஷின்கூட ஐம்பது என்று காட்டியதே.

எங்கோ ஒரு கல்லில், திரும்பாமல் ஏற்றியபோது, வேறெதையோ ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். என் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறாள். சுமந்து வந்த தூரம் முழுக்க அந்தக் குளிர்ந்த கன்னம் தன் தோளில் இருந்ததை நினைத்தான்.

மேலே ஏறினான். பனிக்குள் கல் தெரிந்தது. அதன் வலது ஓரத்தில் மஞ்சளாக ஒரு சின்ன உருவம், கால்களைத் தொங்கப்போட்டு, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. கோட்டின் தலைமூடி போட்டிருந்தது. கால் ஆடிக்கொண்டிருந்தது. பாப்பா எப்போதும் கால் ஆட்டுவாள்.

முறை தெரிந்த வேலை. முதுகைக் காட்டினான். பின்பக்கமாகப் போனான். இடது ஓரத்தில் முழங்காலை மடக்கினான். துண்டை அவிழ்த்தான். இருபது கிலோ கல்லில் உட்கார்ந்து, சாய்ந்தது. முதுகு லேசாகியது. திரும்பவில்லை. வலப்பக்கம் இரண்டு எட்டு.

கட்ட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கைகள் தாமாகவே அவன் கழுத்தைச் சுற்றி வந்தன. கால்கள் இடுப்பைக் கவ்வின.

எழுந்தான்.

பதினாறு.

ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு. "அப்பா வந்துட்டேன்டா கண்ணு," என்றான். இறக்கத்தில் கிட்டத்தட்ட ஓடினான்.

பின்னால் கல்லில் ஏதோ புரண்டது. தூக்கம் கலைந்த ஒரு முனகல்.

"அப்பா?"

ஓடினான்.

"அப்பா, என் செருப்பு விழுந்துடுச்சு. எடுத்துக் குடுங்க."

எவ்வளவு அச்சு அசலாகப் பேசுகிறது என்று அவனுக்கு மயிர்க்கூச்செடுத்தது. செருப்புவரை தெரிந்து வைத்திருக்கிறது. "அப்பா, இறங்க முடியல. அப்பா. நான் இங்க இருக்கேன், அப்பா..." குரல் அழுகையாக உடைந்தது. அழட்டும். தராசை ஏமாற்ற முடியாது. இரண்டு வளைவு தாண்டியதும் அழுகை நின்றது. தேய்ந்து நிற்கவில்லை. சட்டென்று நின்றது.

சாலையோரம், ஐந்தாவது கல்லின் மேல், மனைவி செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் சிரித்துக்கொண்டே எழுந்தான். அவனுக்கு வாய் பிளக்கச் சிரிப்பு.

"மாமா, இப்ப எத்தனை கிலோ? உண்மையச் சொல்லுங்க."

"பதினாறு," என்றான் தராசு, மூச்சு வாங்க.

மச்சான் தொடையைத் தட்டினான். "தோத்தீங்களா? அக்கா, நீதான் சாட்சி. விடுதி வாசல்ல நாலு வெள்ளைக் கல்லு எடுத்துட்டு வந்தேன் மாமா, ஒவ்வொண்ணும் ஒரு கிலோ இருக்கும். நீங்க இறக்கி வைக்க வைக்க, ஒண்ணொண்ணா பாப்பா பையில போட்டேன். இருபது கிலோவ சுமந்துட்டு வந்து பதினாறுங்கறீங்க. பையைத் தொட்டுப் பாருங்க."

தராசு அசையவில்லை.

மச்சான் பின்னால் வந்து மழைக்கோட்டைத் தூக்கினான். அவன் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் கை நின்றுவிட்டது.

"பை எங்க மாமா?"

துண்டும் இல்லை. ரோஸ் பையும் இல்லை. மேலே, நீளமான கல்லில், பிள்ளையின் முதுகில் இருக்கின்றன. இருபது கிலோ. செருப்பு விழுந்த பிள்ளை.

"என்னங்க," என்றாள் மனைவி. எழுந்து வந்து, பாப்பாவின் தலைமூடியை விலக்கக் கையை நீட்டினாள். விலக்கினாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. ஓர் அடி பின்னால் வைத்தாள். இன்னொன்று. அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை, அவன் தோளுக்குமேல் இருந்தது. வாய் திறந்திருந்தது.

அவன் கழுத்தைச் சுற்றியிருந்த விரல்கள் மெதுவாக மேலே ஏறின. தாடை. கன்னம். அவன் கண்ணுக்குக் கீழே வந்து, பார்க்கட்டும் என்பதுபோல் அங்கேயே நின்றன.

மேலே பாதையில் டொக்கென்று ஒரு சத்தம். பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கல் உருண்டு வந்து, அவன் காலடியில் நின்றது. யாரோ பையைக் காலி செய்கிறார்கள். இரண்டாவது வந்தது. மூன்றாவது, முதல் கல்லில் மோதி நின்றது.

நாலாவதாக உருண்டு வந்த கல் வெள்ளையாக இல்லை.