குழந்தைக்கான மெட்டு

கொம்புச் சத்தம் கேட்டபோது சபையின் ஒரே பித்தளைக் கொம்பு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரொட்டி அடுப்பின் அனல் முகத்தில் அடிக்க, அமெரிக்கக் கரோலினாக் காட்டின் பைன் பிசின் வாசனை ஜன்னல் வழியே வந்து மாவின் புளிப்போடு கலக்க, மக்காச்சோளக் கொல்லைக்கு அப்பாலிருந்து இழுத்து இழுத்து வந்த அந்த மெட்டை ரோசினா கேட்டாள். கொம்பு ஊதும் மெல்கியோர் எதிரேதான் கூழ் குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, யாரு ஊதுறது?"

"கரடிக்கும் நம்ம சபையில சேர ஆசை போல," என்று சிரித்தவன் பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

இந்தக் கிறிஸ்தவ சபையில் யார் இறந்தாலும் கொம்புதான் சொல்லும். ஆண்களுக்கு ஒரு மெட்டு, மணமான பெண்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. கேட்டதும் போய்க் குழி வெட்ட வேண்டும், கேள்வி கூடாது. இது குழந்தைகளின் மெட்டு. கடல் தாண்டி வந்து காடு திருத்திக் கட்டிய இந்தக் குடியிருப்பில் குழந்தை ஒன்றுதான்: காய்ச்சலில் கிடக்கும் ரோசினாவின் மகள், நான்கு வயது பெனிக்னா. மணமான பெண்ணும் ரோசினா ஒருத்திதான். கணவன் மாவு ஆலைக்குக் கல் வாங்க ஆற்றுக்கு அப்பால் போயிருந்தான்.

"போகாதீங்கண்ணே! எம்புள்ள உசுரோட இருக்கா. இப்பத்தான் தண்ணி குடுத்துட்டு வந்தேன்."

"கேட்டாச்சே தங்கச்சி." மெல்கியோர் மண்வெட்டியை எடுத்தான். "நான் ஊதலதான். ஆனா கேட்டாச்சே."

அடப்பாவி! ரோசினா கொல்லை வழியாக வீட்டுக்கு ஓடினாள். சோளத்தோகை கையைக் கிழித்தது. கொல்லையில் ஆண்கள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கல்லறை மேட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கதவைத் தள்ளினாள்.

பெனிக்னா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"என் தங்கமே! பொழைச்சிட்டியாடி!" அழுதுகொண்டே வாரி அணைத்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது.

கழுத்தும் குளிர்ந்திருந்தது. கையும்.

நெஞ்சில் காதை வைத்தாள். துடிப்பு இல்லை.

"பெனிக்னா?"

குழந்தை வாயைத் திறந்தது. அகலமாக. இன்னும் அகலமாக. உதடு அசையவில்லை. பித்தளைச் சத்தம் வந்தது. மெட்டு மாறியிருந்தது.

மணமான பெண்களின் மெட்டு.

"வேணாம்டி, வேணாம்!" இரண்டு கையாலும் அந்த வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் வழிந்தது சத்தம்.

ஜன்னலுக்கு வெளியே, மேட்டில், மண்வெட்டிகள் ஒரு கணம் நின்றன. தலைகள் நிமிர்ந்தன. பிறகு சின்னக் குழிக்குப் பக்கத்தில் இன்னொன்றுக்கு அளவெடுத்தார்கள். நீளமாக.