விளக்கு எரிந்தால் தட்டாதே

அந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை ஊரே மின்னல் என்றுதான் கூப்பிடும். வேகத்துக்காக வந்த பெயர் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 'இதோ வந்துட்டேன்' என்று ஒரு வெட்டு வெட்டிவிட்டு மூன்று நாள் காணாமல் போவார், அதற்காக. அப்படிப்பட்ட மனிதர் போன் வந்த அரை மணி நேரத்தில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார் என்றால், வேலை அவ்வளவு சின்னது. கம்ப்யூட்டர் பெட்டியின் முகத்தில், ஓடுகிறதா இல்லையா என்று காட்ட மிளகு அளவுக்கு ஒரு விளக்கு இருக்குமே, அதை மாற்ற வேண்டும். ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் ஒன்பது பெட்டிக்கு மாற்றியிருப்பதாக அவரே சொல்வார். எட்டு என்று வைத்துக்கொண்டு நாம் நம்பலாம்.

மதியம் மூன்று மணி. கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கையில் ஒரு துடைக்கிற துணி. அவர் பேசிக்கொண்டே சாப்பாட்டு மேசையைத் துடைத்தார், அலமாரியைத் துடைத்தார், மறுபடி மேசைக்கே வந்தார். கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. அவருடைய நாத்தனார் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, நடையின் கோடியில் சாத்தியிருந்த ஓர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் இருட்டு. இருட்டில் நீலமாய் ஒரு புள்ளி.

"எரியுதேம்மா. நல்ல விளக்கை எதுக்கு மாத்தணும்?"

"அதான் தம்பி கோளாறு. அந்த ரூமுக்குக் கரண்டே கிடையாது. மெயினைப் பிடுங்கி மூணு மாசம் ஆச்சு."

மின்னல் சிரித்தார். "மிச்சக் கரண்ட் உள்ள தங்கியிருக்கும்மா. சொந்தக்காரங்க மாதிரி, கிளம்புறேன் கிளம்புறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

மூன்று மாதமெல்லாம் தங்காது என்று அவருக்கே தெரியும். 

அம்மாவின் கணவர் அச்சகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். பொல்லாத கவனம் அவருக்கு. வேலையின் நடுவே ஒரு தடவை யாரோ கதவைத் தட்டப்போய், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையும் மாமனாரும் இடம் மாறிவிட்டார்களாம். இரண்டு குடும்பமும் இன்னும் பேசிக்கொள்வதில்லை என்று கேள்வி. அன்றே பெட்டியைக் கதவைப் பார்த்துத் திருப்பிவைத்து ஒரு சட்டம் போட்டார்: விளக்கு எரிந்தால் யாரும் தட்டக்கூடாது, திறக்கக்கூடாது. அணைந்ததும் அவரே வெளியே வருவார். பதினெட்டு வருஷம் அம்மாவும் நாத்தனாரும் அதை மீறவில்லை.

"அன்னைக்கும் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார் அம்மா. துணி மேசையின் மேல் நின்றது. "காலையில உள்ள போனவரு. சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சுது. நாங்க திறக்கல. டாக்டர் சொன்னாரு, கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா…"

துணி மறுபடி ஓடத் தொடங்கியது.

"தூக்கிட்டுப் போனவங்கதான் கடைசியா உள்ள போனாங்க. நான் இன்னும் போகல தம்பி. அது அணையாம என்னால அந்தக் கதவைத் தொட முடியல. நிறுத்தினா அணையிற மாதிரி ஒரு விளக்கு போட்டுக் குடுங்க, போதும்."

"அண்ணன் வேலையா இருக்காரு அண்ணி" என்றார் நாத்தனார். கண் மட்டும் திரும்பவில்லை.

மின்னல் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஸ்பிரிங் வைத்த கதவு, முதுகுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. ஈரக் காகித வாசனை. மேசை வெறுமையாக இருந்தது. கீபோர்டு வயர் சுற்றப்பட்டு அலமாரியின் மேல் கிடந்தது. பெட்டியின் பின்பக்கம் தடவிப் பார்த்தார். எந்த வயரும் இல்லை.

பக்கத் தகட்டைக் கழற்றி, விளக்கிலிருந்து போர்டுக்குப் போகும் இரட்டை வயரைப் பிடுங்கினார். நீலம் அணைந்தது.

'அவ்வளவுதான்டா நீ' என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு, பச்சை விளக்கு ஒன்றை எடுத்தார். இந்த விளக்குகளுக்கு இரண்டு கால்: ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நெட்டைக் கால் பிளஸ் பக்கம் போக வேண்டும். மாற்றிப் போட்டால் கெடாது, ஆனால் எரியவே எரியாது. மின்னலுக்கு அங்கேதான் புத்தி வேலை செய்தது. வேண்டுமென்றே காலை மாற்றிப் போட்டார். அந்த அம்மா நிம்மதியாகக் கதவைத் திறக்கட்டும். ஜென்மத்துக்கும் இது எரியாது.

வயரைச் செருகினார்.

பச்சையாக எரிந்தது.

மின்னல் வயரைப் பிடுங்கினார். எரிந்தது. விளக்கையே வெளியே இழுக்கப் பார்த்தார். இரும்போடு வெல்டு வைத்தது போல் அசையவில்லை.

டக். டக் டக். அலமாரியின் மேலிருந்து வந்தது சத்தம். வயர் சுற்றிய கீபோர்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. நிதானமாக, பிழையில்லாமல்.

டார்ச் அணைந்தது.

அவர் கதவுக்குப் பாய்ந்தார். கைப்பிடி திரும்பவில்லை. நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்தது போல மூச்சு பாதியில் நின்றது. குரல் எழும்பவில்லை. கதவைத் தட்டினார்.

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு முகங்கள். கிசுகிசுப்பு கேட்டது.

"எரியுது அண்ணி. திறக்காதீங்க."

"உள்ள அந்தத் தம்பி இருக்காரே."

"எரியும்போது திறந்தா அண்ணனுக்குப் பிடிக்காது."

மின்னல் கதவோடு சரிந்தார். தரையில் உட்கார்ந்தபடி, விரல் கணுவால் மட்டும் தட்டினார். டக். டக் டக்.



"இந்தச் சத்தம்…" என்றார் அம்மா. "அன்னைக்கு மத்தியானம் இதே சத்தம் கேட்டுச்சே. டைப் அடிக்கிறாருன்னு நீ சொன்னே. நானும் ஆமான்னேன்."

"அண்ணி, வேண்டாம்…"

"டைப் அடிக்கலடி. கதவைத் தட்டியிருக்காரு!"

பச்சை எரிந்துகொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

அம்மா மின்னலின் சட்டைக் காலரைப் பிடித்து நடைக்கு இழுத்துப் போட்டார். அறுபது வயதில் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். மின்னலின் எடை எண்பத்தைந்து கிலோ. மூச்சு திரும்பியதும் அவர் எழுந்திருக்கக் காத்திருக்கவில்லை. தவழ்ந்தே பாதி நடையைக் கடந்துவிட்டார்.

"கதவைச் சாத்துங்கம்மா!"

அம்மா சாத்தவில்லை. ஸ்பிரிங்குக்கு எதிராகக் கதவை முதுகால் அழுத்திப் பிடித்து, அகலத் திறந்துவைத்து நின்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றார்.

உள்ளே டைப் சத்தம் நின்றது.

பச்சை அணைந்தது.

"வேலை முடிஞ்சுது" என்றார் நாத்தனார், மிக மெதுவாக. இவ்வளவு நேரம் கதவை விட்டு அகலாத அவர் கண்கள், இப்போது எதன் பின்னாலோ நடையில் நகர்ந்து வந்தன. மின்னலை நெருங்கின. கடந்தன. ஈரக் காகித வாசனை மின்னலின் முகத்தை உரசிக்கொண்டு போனது.

சாப்பாட்டு மேசையடியில் ஒரு நாற்காலி பின்னுக்கு இழுபட்டது.

"ரொம்ப நேரம் தட்ட வச்சுட்டேன்" என்றார் அம்மா, அந்தப் பக்கம் பார்த்து. "உக்காருங்க."

நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது.