கிழக்குப் பாதி

வாசலில் பெயர்ப்பலகை புதிதாகத்தான் இருந்தது. 'முன்னாள் படைவீரர் பண்ணைக் குடியிருப்பு, மனை எண் பதினேழு.' உள்ளே நின்ற தகரக்கூரை வீடோ மூன்று குடும்பங்களைப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தது. கதவைத் தள்ளியதும் ஈர இரும்பின் வாடை முகத்தில் அறைந்தது. அடுப்பின் மேல் யாரோ பாதிச் சமையலில் விட்டுப்போன பாத்திரம், அடிப்பிடித்து, பாசி பூத்து.

"சாப்பிடக்கூட நேரமில்லாம ஓடியிருக்காங்க," என்ற மனைவி, அந்தப் பாத்திரத்தையே எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

பட்டாளத்தில் அவள் புருஷனுக்குப் பூனை என்று பேர். பதினோரு வருஷம் கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்தவன்; நடந்தால் சத்தமே வராது. ஊர் திரும்பியபின் நான்கு வருஷம் மைத்துனன் வீட்டு மாடியறையில் காலம் தள்ளினார்கள். அந்த வீட்டு அண்ணி, தண்ணீர்க் குழாயை மூடும் சத்தத்திலேயே திட்டத் தெரிந்தவள். இந்த நிலம் கிடைத்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. இருபது நாளில் கடைசி வரப்புவரை உழுது பயிர் வைத்திருக்க வேண்டும். ஒரு பகுதி தரிசாகக் கிடந்தாலும் நிலம் கைவிட்டுப் போய்விடும்.

டிராக்டர்காரர் மேற்குப் பாதியை மத்தியானத்துக்குள் உழுது முடித்தார். நட்டநடுவுக்கு வந்ததும் எஞ்சின் அணைந்தது. மேற்கே திருப்பினால் ஓடியது. கிழக்கே திருப்பினால் செத்தது. மூன்றாவது தடவை அவர் கீழே குதித்துவிட்டார். சண்டைக்காலத்து வெடிகளை எடுக்க வந்த ஆள் ஒருவன் அந்தப் பாதியில்தான் சிதறிப்போனான், முழு உடம்பும் கிடைக்கவில்லை, அங்கே கால் வைத்த வாரமே மூன்று குடும்பமும் கிளம்பிவிட்டது என்று சொன்னார்.

"நிலம் சுத்தம்னு சான்றிதழ் கொடுத்திருக்காங்களே," என்றான் பூனை.

"கொடுத்தவங்க இங்க குடியிருக்கலையே தம்பி."

மறுநாள் விடிந்ததும் பூனை தன் பழைய கம்பியோடு நடுக்கோட்டில் குப்புறப் படுத்தான். கம்பியைச் சாய்வாக மண்ணில் செருகி, இழுத்து, ஒரு விரற்கடை தள்ளி மறுபடி செருகி… சான்றிதழை அவன் நம்பவில்லை. கையைத்தான் நம்பினான். பனி தாழ இறங்கியிருந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

டொக். டொக்.

எதிரே, கிழக்கு வரப்பிலிருந்து. கம்பியால் கல்லில் தட்டும் சத்தம்.

அவன் யோசிக்கவே இல்லை. கை தானாகப் பக்கத்துக் கல்லில் இரண்டு தட்டுத் தட்டியது.

தட்டிய பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது.

அவர்கள் பிரிவில் இரண்டு பேர் எதிரெதிர் முனையிலிருந்து மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே வருவார்கள். ஒருவன் தட்டினால், நான் இருக்கிறேன் என்று அர்த்தம். மற்றவன் பதிலுக்குத் தட்டினால், நடுவில் சந்திக்கும்வரை நான் போகமாட்டேன் என்று அர்த்தம். அது வாக்கு.

பனி விலகியது. வரப்பில் யாரும் இல்லை.

மண்ணில் சாய்வான துளைகள் மட்டும் இருந்தன. வரிசையாக. இவனை நோக்கி.

அவன் சொன்னதையெல்லாம் மனைவி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் விசாரித்தாள். "அவன் வேலைய அவன் பாக்கறான், நீங்க உங்க வேலையப் பாருங்க. அண்ணி முகத்துல முழிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

துளைகள் தினமும் நெருங்கின. நாற்பது அடி. இருபது. ஆறு.

பதினாலாம் நாள், சுள்ளென்ற உச்சி வெயிலில், இவனுடைய கம்பி மண்ணுக்குள் எதன் மேலோ இடித்தது.

அது திருப்பி இடித்தது.

கருகிய வெடிமருந்து நெடி. காதோரம் ஈரமான மூச்சு.

"நீ போயிடு."

பூனை எழுந்து நின்றான். "போகமாட்டேன். என் பக்கம் சுத்தம். உன் பக்கம்?"

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சந்தித்தபின் ஒருவன் சுத்தம் செய்த பாதையில் மற்றவன் நிமிர்ந்து நடந்து காட்ட வேண்டும். கம்பியில்லாமல். அதோடு வேலை முடிந்தது.

அவன் கம்பியைக் கீழே போடுவதற்குள், சோற்றுத்தூக்கோடு வந்து பின்னால் நின்ற மனைவி, அந்த முறையை அவன் சொல்லிக் கேட்டிருந்தவள், அவனைத் தாண்டி அந்தத் துளைகளின் மேல் நடக்க ஆரம்பித்திருந்தாள்.

ஏழாவது அடி.

க்ளிக்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். காலை எடுக்காதே என்று கத்த வாய் திறந்தான்.

"என்னங்க சத்தம் அது?" என்று திரும்பிக் கேட்டபடியே அவள் காலை எடுத்துவிட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை.

அவள் காலடிக்குக் கீழே, மண்ணுக்குள், யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

அவள் நின்ற இடத்திலேயே குனிந்து சொன்னாள்: "பயமுறுத்திப் பாத்தாச்சா? இனிமே இது எங்க நிலம்."

மறுநாள் டிராக்டர் அணையாமல் கிழக்கு வரப்புவரை போய்த் திரும்பியது. அதற்கு மறுநாள் மேற்குப் பாதியில் பயறு விதைத்தார்கள். கிழக்குப் பாதிக்கான விதைமூட்டையைப் பிரிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. வெளியே கால் வைக்க முடியாத சேறு. ஜன்னலிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் தண்ணீர்த்திரைதான்.

இருபதாம் நாள் காலை மழை வெறித்தது. ஜீப்பில் நில அதிகாரி வந்தார். பாதி தரிசைக் காட்டி என்ன சமாதானம் சொல்வது என்று மென்று விழுங்கியபடி பூனை அவரோடு வெளியே வந்தான்.

மேற்கே, அவர்கள் விதைத்த பயறு அப்போதுதான் மண்ணைக் கீறியிருந்தது.

கிழக்கே, யாருமே விதைக்காத மண்ணில், முழங்கால் உயரத்துக்குப் பயிர் நின்றது. நூல் பிடித்த வரிசைகள். கருநீல இலைகள்.

அதிகாரி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். முகம் சுளித்தார். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையே, இது என்ன பயிர் என்று கேட்டார்.

பூனை மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க பயிர் சார்," என்றாள் மனைவி. "எழுதிக்கோங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். கிள்ளிய விரலைக் கைக்குட்டையில் துடைத்துத் துடைத்து, அந்தக் கைக்குட்டையை வரப்பிலேயே எறிந்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப்பின் சத்தம் தேய்ந்து மறைந்தது. காற்றே இல்லை. ஆனாலும் கிழக்கு ஓரத்தில் பயிர் இரண்டாகப் பிளந்து சாய்ந்தது.

ஓர் அடி. நின்றது.

மறுபடி ஓர் அடி. வீட்டை நோக்கி.

பூனை மனைவியின் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு வரப்பின் மேல் ஏறி நின்றாள்.

"விதைச்சது நீயா இருக்கலாம். அறுக்கப்போறது நாங்கதான்."

பயிர் அசையாமல் நின்றது. வெகுநேரம். கேட்டு யோசிப்பது போல.

பிறகு, இன்னும் ஓர் அடி.