நெலிடாவை நீக்கிய மதியம்

மதியத் தூக்கத்தில் ஊரே அடங்கிக் கிடந்தபோது, பஸ் நிலையத்து ஒலிபெருக்கி மெல்லத் தொண்டையைச் செருமியது. நிலையத்து மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அனிபாலுக்கு, குழலில் உறிஞ்சிய தெரெரே என்ற குளிர்ந்த மூலிகை பானம் வாயிலேயே நின்றது. அந்தச் செருமல் நெலிடாவுடையது. அவள் குரலைத்தான் அவன் சற்று முன் அழித்திருந்தான்.

வருஷக்கணக்காக மைக்கில் பஸ்களை அறிவித்தவள் அவள். குரலை முழுதாகப் பதிவு செய்து கொடுத்தால் வேலை போகாது என்று தேனொழுகப் பேசியவன் இவன்தான். பதிவு முடிந்த வாரமே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். “என்ன நம்பி ஒரு புள்ள படுத்த படுக்கையா கெடக்கான் தம்பி,” என்று வாசலில் நின்றாள். மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய என்று நழுவிவிட்டான். மகன் செத்தான், பின்னாலேயே அவளும் போனாள். குரல் மட்டும் தினமும் பஸ்களைக் கூப்பிட்டது. கேட்கும்போதெல்லாம் இவன் காதைப் பொத்திக்கொள்வான்.

அதனால்தான் இன்று அந்தக் குரல் இருந்த மென்பொருள் பேக்கேஜை நீக்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னான். அதை இயக்கும் லினக்ஸ் மறுத்தது: கடிகாரம், கதவுகள், நேர அட்டவணை எல்லாம் இதை நம்பியிருக்கின்றன. எது நம்பியிருந்தால் என்ன, பார்க்காமல் தூக்கு என்று கட்டளையிட்டான். தூக்கிவிட்டது.

இப்போது ஜன்னல் வழியே பரானா ஆற்றின் சேற்று வாடையும் டீசலும் கலந்து வர, கீழே தானியங்கிக் கதவுகள் ஆளில்லாமலே திறந்து திறந்து மூடின. சோபாவில் மகள் பிலார் தூங்கிக்கொண்டிருந்தாள். தாயில்லாப் பிள்ளை, இவனை விட்டால் அவளுக்கு நாதியில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று எழுந்தான்.

“அனிபால் தம்பி,” என்றது ஒலிபெருக்கி.

கதவுகளின் சத்தம் நின்றது. காற்றாடி சுழன்றது, ஓசையில்லாமல். டீசல் வாடை போயிற்று. வெக்கையும் போயிற்று.

அழித்ததைத் திரும்பப் போட விசைகளைத் தட்டினான். விசைகள் அமுங்கவில்லை.

“இப்ப உன்னத் தூக்கறேன். உன்ன நம்பி யாரு இருக்காங்கன்னு நானும் பாக்கல.”

பிலார் விழித்தாள். கண்ணைக் கசக்கினாள். நாற்காலியைப் பார்த்தாள், அவனைத் தாண்டி.

“அப்பா?”

இங்கேதான் இருக்கேன் என்று கத்தினான். சத்தம் வரவில்லை. அவள் தோளைப் பிடித்தான். கைக்கு எதுவும் படவில்லை.

“பிலார் கண்ணு,” என்றது நெலிடாவின் குரல், அத்தனை கனிவாக. “கீழ வாம்மா. பஸ் நிக்குது.”

பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டது. படியிறங்கியது. அவன் ஜன்னலுக்கு ஓடினான்.

வெறிச்சோடிய பிளாட்பாரத்தில் ஒரு பஸ். ஓட்டுநர் இல்லை. உள்ளே ஒரே இருட்டு. பிலார் படியேறிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கை மேலே நீண்டிருந்தது, யாரோ அதைப் பிடித்து ஏற்றுவதுபோல.