பிரெஸ்டனின் நீச்சல்குளம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இந்தக் குடும்பத்தில் ஒரு மேதை அவதரித்திருக்கிறான். பெயர் பிரெஸ்டன். வயது ஐந்து. இடது கால் செருப்பு எது என்பதில் மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அந்த மேதையின் தாய் ஷார்மேன், அக்டோபர் மாதக் காலை ஒன்றில் அண்ணன் வீட்டுக் கதவை உதைத்துக்கொண்டு நுழைந்தாள். அடுப்பில் சோளக்கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த வெர்னிஸ் திரும்பவில்லை.

"எம் பிள்ளைய பள்ளிக்கூடத்துல இருந்து நீக்கிட்டாங்க! திருப்தியா அண்ணி? போட்டுக் குடுத்தது நீதானே!"

"ஐயோ... என் பேரனையா!" என்று நெஞ்சில் கை வைத்தாள் மாமியார் இடெல்லா. "ஏண்டி வெர்னிஸ், உனக்கு இவ்வளவு வயித்தெரிச்சலா?"

வெர்னிஸ் அடுப்பை அணைத்தாள். கஞ்சி வெந்துவிட்டதால் அல்ல.

சிகாகோவின் அந்த மேதைகள் பள்ளி, இந்த ஏழைப் பேட்டைக்கென்று ஆறு இடங்களை ஒதுக்கியிருந்தது. ஷார்மேன் வசிப்பதோ நகர எல்லைக்கு வெளியே, மூன்று கார் நிற்கும் வீட்டில். "பிரெஸ்டன் எங்களோடுதான் வசிக்கிறான்" என்று போன குளிர்காலத்தில் நோட்டரி முன்னால் வெர்னிஸ் கையெழுத்துப் போட்டாள். குடும்ப ஒற்றுமைக்காக என்று மாமியார் அழுதாள். கணவன் கார்னெல் சுவரைப் பார்த்தான். ஆறாவது இடம் பிரெஸ்டனுக்குப் போனது. தனியாசிரியர் யாருமில்லாமல் பரீட்சை எழுதிய வெர்னிஸின் மகள் நயோமிக்குக் காத்திருப்போர் பட்டியலில் இரண்டாம் எண்.

"நான் யார்கிட்டயும் வாயத் திறக்கல," என்றாள் வெர்னிஸ். "கடுதாசில என்ன போட்டிருக்கு?"

"என்னத்தப் படிக்கிறது? நீக்கம்னு முதல் வரியிலயே இருக்கே!"

வெர்னிஸ் உறையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். ஓர் ஓவியம் விழுந்தது. 'என் வீடு' என்று வரையச் சொல்லியிருக்கிறார்கள். நீல நீச்சல்குளம், மூன்று கார்கள். பிள்ளை சொன்னதை ஆசிரியை அடியில் எழுதியிருந்தாள்: 'வெர்னிஸ் அத்தை வீட்டில் நான் தூங்கியதே இல்லை. அங்கே குளம் கிடையாது.'

"பாரு ஷார்மேன்... உம் மேதையே சாட்சி சொல்லிட்டான்."

ஷார்மேன் நாற்காலியில் சரிந்தாள். "பாவி... குளத்தைப் பத்திப் பேசாதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே அண்ணி!" மகன் பொய்யில் தேறவில்லை என்பதுதான் அவளுடைய துக்கம்.

இடெல்லாவோ மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். "உம் புள்ள இடத்தைப் பறிச்சு அவ புள்ளைக்குக் குடுத்தேனேடி... மன்னிச்சிரு தாயி!"

"நானுந்தான் பொய்க் கையெழுத்து போட்டேன் அத்தை," என்றாள் வெர்னிஸ். அப்போதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. மூலையில் நின்ற கார்னெல்கூடச் சுவரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"நயோமிக்கு முன்னால ஒரே ஒரு பிள்ளைதானே? அது இந்நேரம் வேற எங்கயாவது சேர்ந்திருக்கும்," என்று மூக்கைச் சிந்தினாள் மாமியார். அன்று மாலை நயோமிக்குப் புதுப் பை வாங்கினார்கள்.

திங்கட்கிழமை, வெர்னிஸ் வேலை பார்க்கும் சலவைக்கடைக்குத் தபால்காரர் அதே பள்ளியின் தடித்த உறை ஒன்றைக் கொண்டுவந்தார். அவள் கேள்விப்பட்டிராத ஒரு குழந்தையின் பெயர், 'காத்திருப்போர் பட்டியல் எண் 1' என்ற குறிப்பு, கடையின் விலாசம், மேலே 'வாழ்த்துகள்' என்ற அச்சு.

அந்தக் கடையில் பன்னிரண்டு சலவை இயந்திரங்கள் இருக்கின்றன. குடியிருப்போர் யாருமில்லை.