ஃபீட் தண்ணீரின் சூடு

செவிலிமேட்டுக்கு அப்பால் இருந்த அந்தச் சின்ன அனல் மின் நிலையத்தில், அறுபத்தெட்டாம் வருஷ மார்கழியில் ஒரு விடியற்காலை, பாய்லர் பார்க்கும் வீரபத்திரன் கண்ணில் பட்ட கோளாறு பார்வைக்குச் சிறியது. தொட்டியிலிருந்து பாய்லருக்குப் போகும் ஃபீட் தண்ணீர் இருநூறு டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் இருக்க வேண்டும். முள் தொண்ணூற்றெட்டில் நின்றது.

பத்து டிகிரி குறைந்தாலே பாய்லர் நூற்றுக்கு ஒரு பங்கு கரி கூடுதலாகத் தின்னும். கரி அள்ளும் கந்தன், கந்தக நெடியோடு மூச்சிரைக்க வந்து நின்றான்.

“அண்ணே, கொட்டிக்கினே இருக்கேன், பிரஷர் ஏற மாட்டேங்குது. புகை வேற கன்னங்கரேல்னு போவுது.”

வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு நெசவுக்காரி பட்டம்மாள் கத்தினாள். “தெருவுல பாவு நூலு நீட்டியிருக்குதுபா! கல்யாணப் பட்டு! பூரா கரி கொட்டுது!”

தொட்டிக்கு ஆவி விடும் வால்வைத் திறந்தால் தண்ணீர் சூடேறும். ஆனால் வீரபத்திரனுக்குக் கை எழவில்லை. ஐப்பசியில், கூட வேலை பார்த்த முனிசாமி தொட்டிக்குள் இறங்கி உப்புப் படிவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, எட்டிப் பார்க்காமல் அதைத் திறந்தவன் அவன்தான். முனிசாமி உள்ளேயே வெந்து செத்ததற்கு, வால்வு பழுது என்று எழுதிக் கொடுத்தான். எல்லோரும் நம்பினார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்கத் திறந்தான். ஆவி இரைந்துகொண்டு தொட்டிக்குள் பாய்ந்தது. குழாய்கள் அதிர்ந்தன, ஈரச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது. முள் அசையவில்லை. தொட்டியின் இரும்பில் உள்ளங்கையை வைத்தான். சுடவில்லை, குளிரவும் இல்லை. படுத்துக் கிடக்கும் ஒருவனின் முதுகைத் தொட்டதுபோல் இருந்தது.

மனுஷ உடம்பின் சூடு.

சரக்... சரக்...

“உள்ள யாரோ சுரண்டறாங்கண்ணே,” என்றான் கந்தன். “தொட்டி நிறையத் தண்ணி இருக்குதே?”

வீரபத்திரன் பாய்ந்து வால்வை மூடினான். இரைச்சல் நின்றது. சுரண்டல் நிற்கவில்லை. அடியிலிருந்து பக்கவாட்டுக்கு வந்தது. மேலே ஏறியது. மூடிக்குக் கீழே வந்து ஓய்ந்தது.

கந்தன் ஓடிவிட்டான்.

“முனிசாமி,” என்றான் வீரபத்திரன். “நான்தான்பா. தெரியாம செஞ்சிட்டேன்.”

மூடி மெல்ல நகர்ந்தது. ஒரு விரற்கடை. இன்னும் கொஞ்சம்.

வெந்து வெளுத்த நான்கு விரல்கள் விளிம்பைப் பற்றின. தூக்கிவிடச் சொல்லிக் காத்திருப்பதுபோல், இன்னொரு கை அவனை நோக்கி நீண்டது.