தட்டினால் வருவேன்

மூன்றாவது நாளாக, அதே இடத்தில் கரண்டி கீழே விழுந்தது.

"அம்மா, நான் சாப்பிட்டுட்டேன். யானை வரைஞ்சேன். அதுக்குத் தொப்பி போட்டேன்" என்று கதவுக்கு வெளியே மகளின் குரல் சொல்லிக்கொண்டு வந்தது. தொப்பி என்ற வார்த்தை முடிந்ததும் கிணீரென்று ஒரு சத்தம். "ஐயோ!" ஒரு சிரிப்பு. பிறகு கை கழுவும் கணக்கு. ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கி, பதினேழு வரை ஒழுங்காக வந்து, பதினெட்டை விழுங்கிவிட்டு, பத்தொன்பது, இருபது. "நான் சமத்தா இருக்கேன். டாட்டா."

அவள் கட்டில் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பேசித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ளாதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பதிலுக்குக் கதவில் இரண்டு தட்டு தட்டினாள். குழந்தைகள் சொன்னதையே சொல்லும். ஒரே கதையை நூறு முறை கேட்கும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் கரண்டியும் அப்படியா விழும்?

ஆறு நாளாக அடைந்து கிடந்தால் யாருக்கும் மூளை குழம்பத்தான் செய்யும் என்று தன்னையே கடிந்துகொண்டு படுத்தாள்.

குழந்தைகள் வார்டில் பதினோரு வருடம் நர்ஸாக இருப்பவள் அவள். பார்க்க வருகிறவர்களைக் கை கழுவாமல் உள்ளே விடமாட்டாள், டாக்டரையும் விடமாட்டாள். அதனால் 'சோப்பு மேடம்' என்று பெயர். அவள் வீட்டில் ஈ வந்து உட்கார்ந்தால் அதற்கும் சோப்பு போட்டுவிட்டுத்தான் அனுப்புவாள் என்று வார்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கே வந்துவிட்டது. டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் நோயோடு இரண்டு குழந்தைகள் வார்டில் சேர்ந்தன; ஒரு வாரத்தில் இவளுக்குத் தொண்டை வலித்தது; பஞ்சால் துடைத்து எடுத்துப் பார்த்ததில் கிருமி இருந்தது. மாத்திரையைக் கொடுத்து, யாரையும் பார்க்காமல் தனி அறையில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"குழந்தைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"அட்டையில ஒரு கட்டம்கூடக் காலி இல்ல சார்" என்றாள் பெருமையாக.

"அப்ப பயம் குறைவு. எதுக்கும் நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தொண்டையைப் பாத்துட்டு மருந்தும் குடுத்துடறோம்."

வீட்டில் அவளும், ஐந்து வயது மகளும், அக்காவும்தான். கணவன் கப்பலில். மகளுக்கு வீட்டுப் பெயர் வாலு. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாலு பிறந்த அன்று வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். இவள் வார்டில் ஊரார் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்க, சொந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊசிக்குப் போனவள் அக்காதான். பெற்றவளைவிட ஒரு படி மேல் என்று இவளே எல்லாரிடமும் சொல்லுவாள்.

மாடி அறைக்குள் போகும் முன் விதிகளை எழுதிக் கதவில் ஒட்டினாள். சாப்பாட்டை வைத்துவிட்டு இரண்டு தட்டு. பத்தடி தள்ளிப் போன பிறகுதான் கதவு திறக்கும். வாலு மட்டும் தினமும் நான்கு மணிக்கு வெளியே நின்று பேசலாம், கதவைத் தொடக்கூடாது. போனைக் கீழேயே விட்டுவிட்டாள். வீட்டிலேயே அதிகம் கிருமி இருப்பது போனில்தான் என்பது அவள் வழக்கமாகச் சொல்லும் பாடம். உள்ளே போனது எதுவும் வெளியே வரக்கூடாது. அப்பா துறைமுகத்திலிருந்து கூப்பிட்டால் வாலு பேச வேண்டுமே!

மறுநாளே கதவுக்குள்ளிருந்து கேட்டாள். "அக்கா, வாலுவைக் கூட்டிட்டுப் போனியா?"

"போயிட்டு வந்தாச்சுடி. எல்லாம் நல்லா இருக்காம்."

"அட்டை இங்க என் அலமாரியில இருக்கே. கேக்கலையா?"

"அட்டை எதுக்கு? என் மூஞ்சி தெரியாதா அவங்களுக்கு? நீ பேசாமப் படு."

அவள் பேசாமல் படுத்தாள்.

கரண்டி மூன்றாம் முறை விழுந்ததற்கு மறுநாள், ஏழாம் நாள் மத்தியானம், அந்தச் சத்தம் வந்தது. அக்கா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரில் வெயில் வெள்ளையாக நின்றது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முனகியது. கதவில் யாரோ தட்டினார்கள். சாப்பாட்டுக்குத் தட்டும் தட்டு அல்ல. மெதுவாக, விட்டு விட்டு, நான்கைந்து முறை. அதுவும் கதவின் கீழ்ப்பக்கம், முழங்கால் உயரத்தில். கூடவே ஒரு மெல்லிய விசில், குழாயில் தண்ணீர் நின்று காற்று மட்டும் வரும்போது கேட்பது போல, உள்ளே இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும்.

ஏழாம் படுக்கைச் சிறுமி. வார்டில் சேர்ந்த இருவரில் ஒருத்தி. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்து, அவளுக்குக் குரல் போய்விட்டது. "பேச வேண்டாம்மா. கம்பியில தட்டு, நான் ஓடி வந்துடறேன்" என்று இவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் விரல் முட்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசி நாள் இவள் வேறொரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவி, இருபது வரை எண்ணி முடித்து வருவதற்குள் தட்டல் நின்றுவிட்டது.

அன்று இரவு வீட்டுக்கு வந்து வாலுவைக் கட்டிக்கொண்டு அழுததும், வாலு ஏன் ஏன் என்று துளைத்ததும், அந்தக் கதையைச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. வராமலே இருந்திருக்கலாம்.

"யாரு?" என்றாள். குரல் கரகரத்தது.

விசில் மட்டும்.

கதவின் அடி இடுக்கு வழியாக ஒரு வாடை உள்ளே வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த வாடை. வார்டின் வாடை. தன் மூச்சுத்தான் முகக்கவசத்துக்குள் அடிக்கிறதோ என்று கவசத்தைக் கழற்றி உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தாள். மாத்திரை நெடி மட்டுந்தான். அவளுடைய தொண்டை ஆறிக்கொண்டிருந்தது.

மறுபடி தட்டு. ஒன்று. இரண்டு. மூன்று.

"வாலு, நீயா? நீயா இருந்தா ஓடிப்போயிடு! கதவுகிட்ட வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? போ!"

தட்டல் நின்றது. சிறிது நேரம் கழித்து ஏதோ ஒன்று தரையோடு இழுபட்டுப் போகிற சத்தம் கேட்டது. வாலு நடந்தால் அப்படிக் கேட்காது. வாலு நடக்கவே மாட்டாள், குதிப்பாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு யானை வந்தது, தொப்பி வந்தது, கரண்டி விழுந்தது. பத்தொன்பது, இருபது. அவள் தொண்டை வலித்தாலும் பரவாயில்லை என்று கேட்டாள். "வாலு, யானைக்கு என்ன பேரு வெச்சே?"

மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

"அவ ஓடிட்டாடி" என்றது அக்காவின் குரல்.

"அக்கா, மத்தியானம் யாரு கதவைத் தட்டினது?"

வெளியே செருப்பு ஓரடி பின்வாங்கியது. "யாரு தட்டுவா? பூனையா இருக்கும்."

"கீழ ஏதோ வாடை வருதா?"

"உனக்கு எப்பவுமே வாடைதான். தூங்கு."

எட்டாம் நாள், பயத்தை மறக்கக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று வாலுவின் பள்ளிக்கூடப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். தடுப்பூசி விவரம் கேட்டிருந்தது. அலமாரியைத் திறந்து அட்டையை எடுத்தாள். எத்தனை தாய்மார்களின் அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்து, ஒரு தேதி தள்ளிப்போனதற்காக எப்படியெல்லாம் சத்தம் போட்டிருக்கிறாள்! சொந்த வீட்டு அட்டையை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தாள்.

ஐந்து வரிகள். ஐந்து தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பேட்ச் நம்பர், மருந்துக் குப்பியின் மேல் அச்சடித்திருக்கும் எண். ஊசி போட்டவர்தான் அதைப் பார்த்து எழுத வேண்டும். குப்பி மாறினால் எண்ணும் மாறும்.

ஐந்து வரியிலும் ஒரே எண்.

ஐந்து வருடத்துக்கு ஒரே குப்பி.

முதல் வரி அவளோடு வேலை பார்த்த நர்ஸின் கையெழுத்து. மற்ற நான்கிலும் எழுத்து அதே மாதிரிதான் சாய்ந்திருந்தது, கையொப்பம்கூட அப்படியேதான் சுழித்திருந்தது. ஆனால் நான்கு என்ற எண்ணின் தலை திறந்திருந்தது. மளிகைச் சீட்டில், பால் கணக்கில், காலண்டரில் தினம் தினம் அவள் பார்க்கும் நான்கு. அக்காவின் நான்கு.

முதல் ஊசி போட்ட இரவு வாலுவுக்குக் காய்ச்சல் அடித்ததும், அக்கா விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும், "பச்சப் புள்ளைய இப்படிக் குத்துறாங்களே, பாவிங்க" என்று அழுததும் ஞாபகம் வந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசி நாளும் வாலு பலூனோடு வீட்டுக்கு வந்தாள். காய்ச்சல் வரவே இல்லை. பிள்ளை தேறிவிட்டது என்று இவள் சந்தோஷப்பட்டாள்.

அக்காவா? தன் தட்டிலிருந்து எடுத்து ஊட்டிவிட்டு வளர்த்த அக்காவா? கோபம்கூட வரவில்லை. நம்பிக் கழுத்தை நீட்டியவளுக்கு என்ன வருமோ, அதுதான் வந்தது.

தெரியாத ஒன்றை அக்கா பார்த்து எழுதினாள். மேலே இருந்த வரியை அப்படியே கீழே எழுதினாள். நான்கு முறை.

கரண்டியும் நான்கு முறை விழுந்துவிட்டது.

அவள் அட்டையைக் கீழே போட்டாள்.

தட்டு.

கதவின் கீழ்ப்பக்கம். முழங்கால் உயரத்தில்கூட இல்லை. தரையை ஒட்டி.

தட்டு. விசில். நீண்ட இடைவெளி. தட்டு.

ஏழாம் படுக்கைச் சிறுமியின் கதையைச் சொன்ன இரவு வாலு கடைசியாகக் கேட்ட கேள்வி என்ன? "எனக்கும் பேச முடியலேன்னா?" இவள் என்ன சொன்னாள்? "தட்டு கண்ணு. எங்க இருந்தாலும் அம்மா ஓடி வந்துடுவேன்."

நேற்று இவள் என்ன சொன்னாள்?

போ.

எழுந்தாள். கதவை நோக்கி நகர்ந்தாள். மாடிப்படியில் அக்காவின் செருப்புச் சத்தம் அவசரமாக ஏறி வந்து கதவருகே நின்றது. மூச்சு வாங்கியது. "ஐயோ, வாடி இந்தப் பக்கம்" என்று கிசுகிசுப்பு. துணி இழுபடும் சத்தம். தட்டு. பிறகு ஒரு சின்ன 'க்ளிக்'.

"அம்மா, நான் சாப்பிட்டுட்டேன்."

குரல் தாழ்ப்பாள் உயரத்திலிருந்து வந்தது. பெரிய ஆள் கை மடக்கிப் பிடிக்கும் உயரம். தட்டு தரையிலிருந்து வந்தது.

"யானை வரைஞ்சேன்."

தட்டு.

"அதுக்குத் தொப்பி போட்டேன்."

கரண்டி விழுந்தது. அவள் வெறுங்கையால் தாழ்ப்பாளை இழுத்தாள். கவசம் இல்லை. பத்தடி இல்லை. கதவை உள்பக்கமாகத் திறந்தாள்.

கதவில் சாய்ந்திருந்தது அவள் பாதத்தின்மேல் விழுந்தது.

கழுத்து எங்கே, தாடை எங்கே என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றாக வீங்கியிருந்தது. உதடு நீலம். திறந்த வாய்க்குள், நாக்குக்குப் பின்னால், சாம்பல் நிறம். கண் மட்டும் வாலுவுடையது. அது மேலே அவளைப் பார்த்தது.

அக்கா அசையவில்லை. கன்னமெல்லாம் ஈரம். நீட்டிய கையில் போன். இன்னொரு கையின் விரல் தன் உதட்டின் மேல். பேசாதே என்று, பேச முடியாத பிள்ளையிடம்.

"அவளுக்கு வெறும் தொண்டை வலிதான்டி" என்றாள் அக்கா. "உப்புத் தண்ணி குடுத்துட்டுத்தான் இருக்கேன். ஆஸ்பத்திரியில அட்டையைக் கேப்பாங்களே. நீ என்னை என்ன நினைப்பே?"

போன் எண்ணிக்கொண்டிருந்தது. பதினஞ்சு. பதினாறு. பதினேழு.

அவள் மண்டியிட்டு மகளின் தலையை மடியில் தூக்கிக்கொண்டாள்.

பத்தொன்பது. இருபது.

விசில் உள்ளே இழுத்தது. நின்றது. ஒரு சின்ன விரல் முட்டி அவள் முழங்காலைத் தேடி வந்து தட்டியது. ஒருமுறை.

"நான் சமத்தா இருக்கேன். டாட்டா" என்றது போன்.

அவள் இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தாள்.